சோதிக்காத பலகை

மழை பெய்தால் அதற்கும் அவர்தான் காரணம். ஹட்டன் பஸ் தாமதித்தால், அவர் ஏறப் போவது பஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. ஒருமுறை எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மைக் செட் கரகரவென்று இழுத்தது. அவர் மைக் செட்காரரிடம் போய், "நான் இந்தப் பக்கமாத்தான் தட்டெடுத்துக்கிட்டு வந்தேன், சீல தலப்பு வயருல கியருல பட்டுருச்சோ என்னமோ, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் சரி என்று தலையாட்டினார்.

"பெசகு எம்மேலதாங்க." இதுதான் அவர் வாயில் எப்போதும் தயாராக நிற்கும் சொல். மற்றவர்கள் கும்பிடுவதுபோல அவர் இதைச் சொல்வார். பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், தன் பெயரால் எனக்கு என்ன தொல்லை வருமோ என்று அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்பார்.

அவர் என் பள்ளித் தோழி சுகந்தியின் அம்மா. சொந்தமில்லை, ஆனால் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டம். நாங்கள் மேல் டிவிசன் லய வீட்டு வரிசையில், அவர்கள் கீழ் டிவிசன் லயத்தில். நடுவில் ஒரு ஓடையும் தேயிலைக்குள்ளால் இறங்கும் குறுக்குப் பாதையும் மட்டும்தான். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கும்.

அவர் வீட்டுத் தேநீர் பாகுபோல இருக்கும். குடித்து முடிப்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கொடுக்கும்போதே, "சீனி கம்மியாப் போச்சு புள்ள, கோவிச்சுக்காத" என்பார். போதும் அத்தை, நிறையவே இருக்கிறது என்றால் முகம் வாடிவிடும். "அப்ப கூடிப்போச்சா? ஐயோ, எம்பெசகுதான்." அவருக்கு நடுவில் ஒரு அளவே கிடையாது. கம்மி அல்லது கூடுதல், இரண்டுக்கும் குற்றவாளி ஒருவர்தான்.

பாடசாலை லீவு நாட்களில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு மலைக்குப் போவேன். அங்கே கொழுந்தெடுக்கும் பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து மேலே ஏறுவார்கள். அத்தையின் கை வேகமான கை. தன் நிரையை முடித்துவிட்டு ரோட்டில் நின்று மூச்சு வாங்கலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் அவரால் நிற்க முடியாது. பிந்தி வருகிறவளின் நிரைக்குள் மேலிருந்து இறங்கி, கையில் வருவதையெல்லாம் பறித்து அவள் கூடையிலேயே போடுவார். எல்லாரும் சேர்ந்து ரோட்டுக்கு ஏறினால்தான் அவருக்கு நிம்மதி. கொழுந்தெடுக்கிற இடத்தில் இது வழக்கம்தான், வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் காய்ச்சல்காரிக்கும் எல்லாரும் செய்வதுதான். அத்தைக்கு மட்டும் அது வழக்கமில்லை, வியாதி. உதவி செய்துவிட்டு அந்தப் பெண்ணிடமே, "ஒன்னையக் கேக்காம ஒன் நெரயில கைய வச்சிட்டேன், மனசுல வச்சுக்காத" என்று வேறு சொல்வார்.

எல்லாரும் இதைப் பார்த்துச் சிரிப்போம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நின்ற நாள் எனக்குத் தெரியும்.

அது ஒரு மழைக்காலம். நாங்கள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவர்கள் வீட்டு வயர் எந்தக் காலத்திலோ போட்டது. சுவர் ஈரம் இழுத்தால் சுவிட்சிலும் கரண்ட் அடிக்கும். லயத்தில் பல வீடுகளில் அப்படித்தான். அன்று சுகந்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தை அடுப்படியிலிருந்து, "அந்த லைட்ட அணச்சிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். ஈரக் கையோடு போனவளைச் சுவிட்ச் தூக்கி எறிந்துவிட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். ஆள் பிழைத்தாள். வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் ஒரு கறுத்த தழும்பு நின்றுவிட்டது.

பார்க்கப் போன எல்லாரிடமும் அத்தை ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார். "நான்தாங்க அணைக்கச் சொன்னேன்." வயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் போட்டவர்களைப் பற்றியோ, பழுது பார்க்காதவர்களைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "நான்தாங்க அணைக்கச் சொன்னேன். பெசகு எம்மேலதான்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சுவிட்சைத் தொடும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான். கதவு மூலையில் ஒரு காய்ந்த கொய்யாக் குச்சி வைத்திருப்பார். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, குச்சியால் எட்டித் தட்டி லைட்டைப் போடுவார். அவர் மலையில் இருந்தால், மற்றவர்கள் மெழுகுவர்த்தியோடு காத்திருக்க வேண்டும். சுகந்தியின் அப்பா, மாமா, கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கு வந்தால் அவருக்கும் இதே சட்டம்.

அந்த வருடம் ஆகஸ்ட் லீவில்தான் எங்கள் பாடசாலையில் 'விருப்ப வாரம்' என்று ஒன்று தொடங்கினார்கள். லீவில் ஒரு வாரம் பாடசாலை திறந்திருக்கும். மணி அடிக்காது, யூனிபோர்ம் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். தையல், கேக், காளான் வளர்ப்பு, மேடை நாடகம், வயரிங் என்று வைத்திருந்தார்கள். எது வேண்டுமோ அதைப் பிள்ளைகளே தெரிந்தெடுத்து, ஒரு வாரம் கையால் செய்து பழக வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு இந்தத் தெரிந்தெடுப்பதே புதிதாக இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவளின் முகத்தைத்தான் பார்ப்போம்.

சுகந்தி கேக் என்றாள். கரண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் விரலை மடித்துக்கொள்வாள். நான் வயரிங் எடுத்தேன். வீரமெல்லாம் இல்லை, கேக்கில் இடம் முடிந்துவிட்டது.

லீவு நாளில் பெண்பிள்ளைகள் வருவதால் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு அம்மா கூட இருக்க வேண்டும் என்று பாடசாலை அதிபர் சொல்லிவிட்டார். கேக் வகுப்புக்கு அம்மாமார் வரிசையில் நின்றார்கள். வயரிங் வகுப்புக்கு ஒருவரும் இல்லை, நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வயரைப் பார்த்துக்கொண்டிருக்க யார் வருவார்? அத்தை வந்தார். தன் பிள்ளை அந்த வகுப்பில் இல்லாமலே வந்தார்.

முதல் நாள் கதவுக்கு வெளியே கவிழ்த்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். "சும்மா ஒக்காந்திருக்கேன்னு நெனச்சுக்காதீங்க சேர்" என்று வயரிங் சொல்லிக் கொடுக்க வந்த சேரிடம் இரண்டு தரம் சொன்னார். சேர் ஹட்டனில் வயரிங் வேலை செய்பவர், அதிபர் கேட்டதற்காக வந்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒவ்வொரு சொல்லையும் ஸ்க்ரூ போல முறுக்கி விடுவார்.

"இந்த வாரம் ஆளுக்கு ஒரு பலகை" என்றார். "ஒரு சுவிட்ச், ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பொயின்ட். கடைசி நாள் ஒவ்வொண்டையும் நான் கரண்ட் குடுத்துச் சோதிப்பேன். சரியா இருந்தா பின்னால பச்சைப் பொட்டு வைப்பேன். பொட்டு வச்ச பலகைய வீட்டுக்குக் கொண்டு போய் மாட்டலாம். பொட்டு இல்லாத பலகைய மாட்டினா அது கொலை. விளங்குதா?"

கதவுக்கு வெளியே கீரை ஆய்ந்த கை நின்றது. நான் பார்த்தேன்.

இரண்டாம் நாள் பெட்டி கதவுக்கு உள்ளே வந்திருந்தது. பதிந்திருந்த ஒரு மாணவன் வரவில்லை. அவனுடைய சாமான் மேசையில் கிடந்தது. சேர் அதை அத்தை பக்கமாகத் தள்ளினார். "சும்மா இருக்காதீங்கம்மா, செய்யுங்க."

"அந்தப் புள்ள வந்தா?"

"வந்தா குடுத்துடுங்க."

இந்த ஒப்பந்தத்தின் பேரில்தான் அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். அந்த வாரம் முழுவதும் வாசலில் நிழல் தட்டினால் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பையன் வருகிறானோ, பலகையைக் கொடுக்க வேண்டுமோ என்று. ஆனால் குனிந்து வயரின் தோலைச் சீவும்போது அவர் முகம் வேறாக இருக்கும். நான் அந்த முகத்தை முன்பு கண்டதில்லை. உதட்டை லேசாகக் கடித்துக்கொண்டு, யாரிடமும் மன்னிப்புக் கேட்காத ஒரு முகம். சிவப்பு எது, கறுப்பு எது, மண்ணுக்குப் போகும் பச்சை எது என்று தனக்குள் முணுமுணுத்துக்கொள்வார். சேர் சொன்ன முதல் பாடம் கை காய்ந்திருக்க வேண்டும் என்பது. ஒவ்வொரு முறையும் சேலையில் கையைத் துடைத்து, ஊதி, திரும்பவும் துடைத்துவிட்டுத்தான் தொடுவார்.

"இது சரியா வந்தா, எந்தம்பிய வரச் சொல்லி நம்ம வீட்டுல மாட்டிருவேன்" என்றார் என்னிடம் ரகசியமாக. "சுகந்தி அவ கையாலயே போட்டுக்குவா."

நாலாம் நாள் சேருக்கு டவுனில் ஏதோ அவசரம். "முடிச்சு வைங்க, வந்து பாக்கிறேன்" என்று போய்விட்டார். நாங்கள் ஐந்தாறு பெண்பிள்ளைகள். சேர் போனதும் கையும் போய்விட்டது, வாய் மட்டும் வேலை செய்தது. அத்தையின் பலகை முடிந்திருந்தது. எங்களுடையதெல்லாம் வயரும் ஸ்க்ரூவுமாகச் சிதறிக் கிடந்தது.

அவருக்கு அது பிந்திய நிரை. வேறு எப்படியும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

"அத்தை, இந்த முனை நிக்க மாட்டேங்குது" என்று முதலில் பலகையை நீட்டியது நான்தான். அவர் முடித்துக் கொடுத்தார். அடுத்தவளும் நீட்டினாள். பிறகு யாரும் நீட்டவே தேவைப்படவில்லை, அவரே ஒவ்வொரு மேசையாக வந்தார். கேக் வகுப்பிலிருந்து வாசனை வந்தது. நாங்கள் ஜன்னலில் ஏறி நின்று, யாருக்கு முதல் துண்டு என்று சண்டை போட்டோம்.

சேர் வந்து பலகைகளைக் கையில் எடுத்தார். ஒன்றைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். எல்லா வயர் முனையும் ஒரே மாதிரி, இறுக்கமாக, அழகாக முறுக்கியிருந்தன.

"இது ஒரு கை செஞ்ச வேலை" என்றார். "யார்?"

அத்தை எழுந்து நின்றார். "பெசகு எம்மேலதாங்க சேர். புள்ளைங்க ஒண்ணும் கேக்கல. நானாத்தான் செஞ்சேன்."

சேர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அம்மா, நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இந்தப் பிள்ளை நாளைக்கு ஒரு வீட்டில தனியா கரண்டத் தொடுவா. அப்ப நீங்க பக்கத்தில இருப்பீங்களா? தெரியாத கையில கரண்ட் புடிச்சா யாரு பொறுப்பு?"

அவர் சொன்னது சரி. இன்றைக்கு நானே அந்த வேலையில் இருப்பதால், அது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று சேருக்குத் தெரியாது. ஈரக் கையும் சுகந்தியும் ஆஸ்பத்திரியும் அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அத்தையின் முகம் வெளிறிப் போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். நாங்கள்தான் கொடுத்தோம் என்று ஒருத்தி சொல்லியிருந்தால் போதும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அத்தை உட்கார்ந்து எங்கள் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தான் முறுக்கியதையெல்லாம் அவிழ்த்தார். அவிழ்த்த ஸ்க்ரூக்களைச் சிறு குவியலாக எங்கள் முன்னால் வைத்தார். "நீங்களே செய்யுங்கடி" என்று மெல்லச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழையபடி கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்தார்.

மறுநாள் சோதனை நாள். அவர் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கழுவித் துடைத்து, பழைய துணியில் சுற்றி சுகந்தியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஸ்க்ரூ டிரைவரைக் கழுவுகிறவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சேருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அத்தையின் பலகையைச் சுகந்தியிடம் கொடுத்து, "அம்மாவை இதைக் கையோட கொண்டு வரச் சொல்லு, அவங்க முன்னாலயே சோதிச்சுத் தாறேன்" என்றார். சுகந்தி ஓடினாள். அத்தை பலகையை வாங்கி வைத்துக்கொண்டார், வரவில்லை. மாலையில் எங்கள் பலகைகளில் எல்லாம் பச்சைப் பொட்டு இருந்தது. அடுத்த வருடம் சேர் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள்.

என் பலகையை அப்பா எங்கள் வீட்டில் மாட்டினார். அந்த லைட்டில்தான் நான் பரீட்சைக்குப் படித்தேன். பிறகு தொழிற்பயிற்சி, பிறகு ஹட்டனில் ஒரு எலக்ட்ரிக் கடையில் வேலை. இப்போது வீடுகளுக்குப் போய் வயரிங்கும் செய்கிறேன். "பொம்பளப் புள்ள வயரிங்கா?" என்று கேட்ட ஆட்கள் இப்போது போன் போட்டு, "புள்ள, ட்ரிப் சுவிட்ச் விழுந்துருச்சு, கொஞ்சம் வாறியா" என்கிறார்கள். எல்லார் வீட்டுக்கும் போனேன். ராகலை வரைக்கும் போனேன். பட்டிப்பொலயில் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு வீட்டில் குளிரில் விறைத்துக்கொண்டு மூன்று நாள் வேலை செய்தேன்.

அத்தையை அடிக்கடி பஸ்ஸில் காண்பேன். "ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாரேன் அத்தை" என்பேன். "ஒனக்கு எங்க நேரம்? வரணும்னு இல்ல புள்ள" என்பார். அந்த 'வரணும்னு இல்ல'வை நான் அனுமதிப் பத்திரம் மாதிரி எடுத்துக்கொண்டேன். அவர் வீட்டில் பலகை மாட்டியிருப்பார், தம்பி வந்து மாட்டிக் கொடுத்திருப்பார் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் போக வேண்டி வரும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் லீவு.

போன வருடம் சுகந்தி போன் செய்தாள். ராகலையில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள்; பிள்ளை பிறந்து ஒரு மாதம்.

"இங்க வந்து ஒரு தடவ பாரேன்" என்றாள். "ராவுல புள்ள அழுதா லைட்டப் போட முடியல. அம்மா எந்திரிச்சு, செருப்பத் தேடி, குச்சியத் தேடி... நான் தொட்டா கத்துறாங்க."

"இன்னும் குச்சியா?" என்றேன்.

"வேற என்னா?"

மறுநாளே போனேன். நல்ல மழை. பையைத் தோளில் மாட்டி, ஓடையைத் தாண்டி, குறுக்குப் பாதையால் இறங்கினேன். அத்தை வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. என் பையைப் பார்த்துவிட்டு, "வாங்க, உள்ள வாங்க" என்றார்.

என்னைச் சிறு வயதிலிருந்து வாடி போடி என்று கூப்பிட்டவர். அந்த 'வாங்க' எனக்கு உறைத்தது.

உள்ளே சுவரில், ஆணியடித்து, அந்தப் பலகை இருந்தது. சுவிட்ச், ஹோல்டர், பிளக் பொயின்ட், எல்லாம் தூசி தட்டிப் பளபளவென்று. அதற்கு எந்த வயரும் வரவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் மாதிரி அது மாட்டியிருந்தது. பழைய சுவிட்ச் அதே பழைய இடத்தில், கீழே அதே கொய்யாக் குச்சி.

"ஏன் அத்தை இத இணைக்கல?"

"பொட்டு இல்லையே" என்றார். "சேர் சொன்னாருல்ல, பொட்டு இல்லாதத மாட்டுனா கொலன்னு. தம்பி மாட்டித் தாரேன்னான், நான்தான் வேணாம்னுட்டேன். நான் செஞ்சது. சரியா செஞ்சேனா இல்லையான்னு யாரு பாத்துச் சொல்றது?"

"நான் இருக்கேனே அத்தை. என்னையக் கேட்டிருக்கலாமே."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "கேட்டா நீங்க வர மாட்டேன்னு சொல்ல மாட்டீங்க. அதனாலதாங்க கேக்கல."

நான் பலகையைக் கழற்றித் திருப்பினேன். தூசியைத் துடைத்தேன். ஒவ்வொரு முனையும் அன்று முறுக்கியபடியே, இறுக்கமாக, அழகாக. ஒன்றும் தளரவில்லை. சிவப்பு இடத்தில் சிவப்பு, கறுப்பு இடத்தில் கறுப்பு, பச்சை இடத்தில் பச்சை. சோதனை வயரை மாட்டி, பல்பைப் போட்டு, பக்கத்து வீட்டுப் பிளக்கில் கொடுத்து சுவிட்சைத் தட்டினேன். எரிந்தது. பிளக் பொயின்டையும் பார்த்தேன், அதுவும் சரி.

ஒரு கணம் பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். உள்ளே ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தது, நல்லவேளை நீங்கள் மாட்டவில்லை என்று சொன்னால், இத்தனை வருடம் குச்சியும் மெழுகுவர்த்தியுமாக இருந்தது வீண் இல்லை என்று அவருக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கும்தான் இருக்கும். எனக்கு இன்னும் கூடுதலாக இருக்கும். அது விளங்கியதும் வாயை மூடிக்கொண்டேன்.

"சரியா இருக்குங்க அத்தை. எல்லாமே சரியா செஞ்சிருக்கீங்க."

"இப்ப நீங்க எதையும் மாத்துனீங்களா?"

"ஒரு ஸ்க்ரூவக் கூடத் தொடல. அன்னைக்கே சரியாத்தான் இருந்திருக்கு."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சுகந்தி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். வெளியே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப," என்றார் அத்தை. "பெசகு எம்மேல இல்லையா?"

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் கேள்வியாக வந்து நான் கேட்டது அன்றுதான். "இல்லைங்க அத்தை. ஒங்க மேல இல்ல. எம்மேலதான்" என்றேன்.

"சீ, அப்பிடிச் சொல்லாத புள்ள" என்று கையை நீட்டி என் வாயைப் பொத்தினார். பழைய 'புள்ள' திரும்பி வந்திருந்தது. அது எனக்குக் கிடைக்க வேண்டியதில்லை என்று தெரிந்தும் சந்தோஷப்பட்டேன்.

மெயினை அணைத்து, பழைய வயரைப் பிடுங்கி, மீட்டரிலிருந்து புது வயர் இழுத்தேன். பலகையைச் சுவரில் ஏற்றப் போகும்போது அத்தை தயங்கித் தயங்கிக் கேட்டார். "சேர் பின்னால பொட்டு வப்பாரே?"

என் பையில் பச்சை பெயின்ட் எங்கே இருக்கும்? சுகந்தி எட்டி, பிள்ளைக்கு வைக்கும் மைச் சிமிழை எடுத்துக் கொடுத்தாள். விரலில் தொட்டு, பலகையின் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தேன். அத்தை அதைக் கிட்டத்தில் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்தார்.

முதலில் சுகந்தி போட்டாள், அந்தத் தழும்பு விரலாலேயே. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் போட்டாள். பிறகு அத்தையின் முறை. சேலையில் கையைத் துடைத்தார். ஊதினார். திரும்பவும் துடைத்தார். போட்டு அணைத்து, போட்டு அணைத்து, மூன்றாம் முறை எரியவிட்டு விலகி நின்றார். சுகந்தி குச்சியை எடுத்து அடுப்பில் சொருகப் போனாள். அத்தை பாய்ந்து பிடுங்கிப் பழைய மூலையிலேயே வைத்தார். "இருக்கட்டும்" என்றார்.

தேநீர் வந்தது. நாக்கில் ஒட்டியது. "நல்லா இருக்கு அத்தை" என்று ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

புறப்படும்போது மழை விடவில்லை. அவர் குடையோடு ஓடை வரைக்கும் வருவேன் என்று அடம் பிடித்தார், சுகந்தி தடுத்துவிட்டாள். வாசலில் நின்று, "ஒன்னைய இந்த மழையில வர வச்சிட்டேனே. பெசகு..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

குறுக்குப் பாதையில் ஏறினேன். ஓடையைத் தாண்டி எங்கள் பக்கத்து மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது, மழையும் தூறலாகியிருந்தது. அவர்கள் ஜன்னலில் லைட் எரிந்தது, அணைந்தது, திரும்ப எரிந்தது. இன்னும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே சுகந்தி சிரிப்பதும் கேட்டது. எங்கள் வீட்டு வாசல் எனக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தது. அவ்வளவு கிட்டத்தில்தான் இருந்திருக்கிறது அத்தையின் வீடு.